பொட்டலத்தில் இல்லாத முகவரி

அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த வாரத்தில், உணவுப் பொட்டலங்களின் மீதுள்ள பொடி எழுத்துகளை வாசித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. சர்க்கரை அளவைக் கவனித்துக்கொள்ள வேண்டியவர் என்பதால், எதையும் வாயில் போடுவதற்கு முன் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவருடைய வழக்கம். அன்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "இது எங்கேயிருந்து வருதுன்னு பாரு" என்றார். நான் பின்பக்கத்தைத் திருப்பி, கீழ் மூலையில் இருந்த முகவரியை வாசித்தேன். "அது கம்பெனி இருக்கிற இடம்டா. உள்ளே இருக்கிற கோதுமை எங்கே விளைஞ்சது? எண்ணெய் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். பொட்டலத்தை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தயாரித்த நாள், தொகுதி எண், நிகர எடை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. அவர் கேட்டது மட்டும் இல்லை.

நாற்பது வயதைத் தாண்டியவன் நான். தட்டில் விழும் பண்டங்களில் ஒன்றுக்குக்கூட எனக்கு ஊர் சொல்லத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டு காலம், வீட்டுக்குள் வரும் உணவுப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு பழைய நோட்டில் குறித்துவந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கட்டங்கள் போட்டுக்கொண்டேன்: விளைந்த இடம், பக்குவப்படுத்திய இடம், பொட்டலம் கட்டிய இடம். மூன்றாவது கட்டத்தை நிரப்புவது எளிது. முகவரியைப் பார்த்து எழுதினால் போதும். இரண்டாவதைச் சில நேரம் ஊகிக்கலாம். முதல் கட்டத்தில் பெரும்பாலும் "தெரியாது" என்றுதான் எழுத வேண்டியிருந்தது.

தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்தேன். வீட்டில் இருந்த எல்லாப் பொருள்களையும் ஒரே வாரத்தில் விசாரித்துவிடலாம் என்று புறப்பட்டு, அறுபது வரிகளுக்கு மேல் எழுதி, ஐந்தாம் நாள் சலித்துப்போய் நோட்டை மூடி வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடியும் திறந்தபோது, ஒரு மாதத்தில் எடைக்கணக்கில் அதிகம் தீர்கிற ஐந்து பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரிசி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய், சர்க்கரை, பால் என்று பட்டியல் அமைந்தது. இப்படிப்பட்ட முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: சிறிய டப்பாவில் வரும் வாசனைப் பொருளின் வரலாற்றைத் தேடுவது சுவையாக இருக்கும், ஆனால் உடம்பில் சேர்வது பெரும்பாலும் அந்த ஐந்து மூட்டைகள்தான்.

பொட்டலத்து எழுத்துகளைப் பற்றி நான் கொண்டிருந்த சில நம்பிக்கைகள் முதல் மாதத்திலேயே உடைந்தன. பட்டைக் குறியீட்டின் (பார்கோடு) முதல் மூன்று எண்களைப் பார்த்தால் பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டு நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அந்த எண்கள், அந்த நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் குறியீட்டு எண்ணைப் பதிவுசெய்து வாங்கியது என்பதை மட்டுமே காட்டுகின்றன. பொருளை எங்கு வேண்டுமானாலும் செய்திருக்கலாம். "உற்பத்தி நாடு" என்று அச்சிட்டிருந்தாலும் அதையும் நிதானமாகத்தான் வாசிக்க வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963இல் அமைத்த கோடெக்ஸ் ஆணையம், பொட்டலமிட்ட உணவின் மேல் என்னென்ன அச்சிட வேண்டும் என்பதற்கான தரத்தை 1985இல் வகுத்தது. ஒரு நாட்டில் விளைந்த உணவு இன்னொரு நாட்டில் அதன் தன்மையே மாறும்படி பதப்படுத்தப்பட்டால், பதப்படுத்திய நாட்டையே அதன் பிறப்பிடமாகக் கொள்ள வேண்டும் என்று அந்தத் தரம் சொல்கிறது. இதில் ஏமாற்று ஏதுமில்லை, விதியே அப்படித்தான். ஆனால் ஒரு நாட்டில் விளைந்த கோகோ இன்னொரு நாட்டில் சாக்லேட்டாகி வரும்போது, விளைந்த நாட்டின் பெயர் உறையிலிருந்து மறைந்துபோவதற்கு அந்த விதியே இடம் கொடுக்கிறது. உலகின் கோகோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. அந்தப் பெயர்களை எத்தனை சாக்லேட் உறைகளில் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தால் ஒரு கை விரல்கூட நிரம்பாது.

அதே தரத்தில் பயனுள்ள விதி ஒன்றும் உண்டு. சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். அம்மாவின் பிஸ்கட்டில் கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில் என்ற வரிசை இருந்தது. பட்டியலின் முதல் மூன்று பெயர்களுக்கு மட்டும் ஊர் தேடினால் போதும் என்று முடிவுசெய்துகொண்டேன். பத்தாவதாக வரும் நிலைநிறுத்தி (ஸ்டெபிலைசர்) என்ற துளிச் சேர்மானத்தைத் துரத்திக்கொண்டு ஓடிய நாள்கள் வீண் என்று இப்போது தோன்றுகிறது.

பாமாயிலில் தொடங்கினேன். செம்பனை மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. இன்று உலகில் கிடைக்கும் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. அறுத்த குலையை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோய் ஆவியில் வேகவைத்துப் பிழிந்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் ஆலைகள் தோப்புகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பிழிந்த எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், நிறமும் வாசனையும் நீங்கி, பெரிய தொட்டிகளில் பல ஆலைகளின் எண்ணெயோடு ஒன்றாகிவிடுகிறது. அந்தத் தொட்டிக்கு முன்னால் வரை அந்த எண்ணெய்க்கு ஒரு தோப்பின் பெயர் இருந்தது. தொட்டிக்குப் பின்னால் ஒரு நாட்டின் பெயரைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, மே மாதத்தில் விலக்கிக்கொண்டது. ஏற்கெனவே உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயின் வரத்து அறுந்திருந்த நேரம் அது. அப்போது கடையில் எண்ணெய் விலையைப் பார்த்து முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். என் வாணலிக்கும் அந்தச் செய்திக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்பது நோட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

கோதுமைக்கு ஒரு நல்வாய்ப்பு கிடைத்தது. தெரிந்தவர் ஒருவர் மாவு ஆலையில் தரம் பார்க்கும் பணியில் இருக்கிறார். ஒரு விடுமுறை நாளில் அவருடைய அறைக்குப் போனபோது, மேசை மீது வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு லாரியிலிருந்து எடுத்த மாதிரி. இரண்டு குப்பிகளிலிருந்து பத்துப் பத்துத் தானியங்களை என் உள்ளங்கையில் கொட்டி, "மெல்லுங்க, முழுங்காதீங்க" என்றார். முதல் வாய் சிறிது நேரத்தில் மாவாகக் கரைந்துபோனது. இரண்டாவது வாய், மெல்ல மெல்லச் சூயிங்கம் போல இழுபடும் ஒரு பிசினாக மிஞ்சியது. புரதம் அதிகமுள்ள கடின கோதுமையில்தான் அப்படி மிஞ்சும் என்றும், ரொட்டிக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்கு முதல் வகை வேண்டும் என்றும் விளக்கினார். ஒரே வயலின் கோதுமை ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வாங்குகிறவருக்கோ இந்த மாத மாவும் போன மாத மாவும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஆகவே பல ஊர்க் கோதுமைகளை அளவு பார்த்துக் கலப்பதுதான் ஆலையின் தொழில்திறமையே. "எந்த ஊர்க் கோதுமைன்னு நீங்க கேட்டா நான் என்ன சொல்றது? நேத்து ஆறு ஊரு, இன்னைக்கு நாலு ஊரு" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் தேடலின் திசையை மாற்றியது. அதுவரை நிறுவனங்கள் எதையோ மறைக்கின்றன என்ற சந்தேகத்தோடு பொட்டலங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உணவின் முகவரி தொலைவது பெரும்பாலும் கலக்கும் இடத்தில்தான்: எண்ணெய்த் தொட்டி, தானியக் கிடங்கு, பால் குளிரூட்டும் கலன். அதற்குப் பிறகு தேடுவது, ஆறு கடலில் கலந்த பின் கடல்நீரை அள்ளி இது எந்த ஆறு என்று கேட்பதுபோல. எந்தப் பொருள் எந்த இடத்தில் கலக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே கேட்டால் பதில் கிடைக்கும், எங்கே கேட்பது வீண் என்பது தெரிந்துவிடும். முழு தானியம், முழுப் பழம், முழு மீன், ஓட்டோடு உள்ள முட்டை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஊர் உண்டு. அரைத்தது, பிழிந்தது, சுத்திகரித்தது, தூளாக்கியது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை.

சர்க்கரை இதற்கு முற்றிய எடுத்துக்காட்டு. கரும்பிலிருந்து வந்ததா, பீட்கிழங்கிலிருந்து வந்ததா என்பதை நாக்கு கண்டுபிடிக்காது. பீட்கிழங்கிலும் கரும்பின் அதே சர்க்கரைதான் இருக்கிறது என்று ஜெர்மானிய வேதியியலர் ஆந்திரியாஸ் மார்க்கிராஃப் 1747இலேயே காட்டிவிட்டார். உலகச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்று பீட்கிழங்கிலிருந்து வருகிறது. சர்க்கரைக் கட்டத்தில் "தெரியாது" என்று எழுதி, அதோடு விட்டுவிட்டேன்.

எதிர்பாராமல் சரியான முகவரியோடு வந்தது ஒரு மீன் டப்பா. அதில் "பிடித்த பகுதி 71" என்று சிறிதாக அச்சிட்டிருந்தது. உணவு வேளாண்மை அமைப்பு உலகக் கடல்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறது. 51 என்றால் மேற்கு இந்தியப் பெருங்கடல், 57 என்றால் கிழக்கு இந்தியப் பெருங்கடல், 71 என்றால் மேற்கு மத்திய பசிபிக். டப்பாவை அடைத்தது வேறொரு நாட்டில். மூன்று கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிய மகிழ்ச்சியில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மீன் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

ஆப்பிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடத்தைத் தேடிப் போன எனக்குக் காலத்தையும் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அதுதான். குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் மறந்துபோன ஓர் ஆப்பிள், ஐந்து வாரங்களுக்குப் பின்னும் வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது. மெழுகு, மருந்து என்று மனம் ஓடியது. விசாரித்தபோது கிடைத்த விளக்கம் வேறு. கேம்பிரிட்ஜில் ஃபிராங்கிளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர், பறித்த பிறகும் பழம் மூச்சுவிடுகிறது, அந்த மூச்சைக் குறைத்தால் அது முதிர்வதும் குறையும் என்பதை 1920களில் ஆராய்ந்து காட்டினார்கள். இன்றைய ஆப்பிள் கிடங்குகளில் வெப்பநிலையை உறைநிலைக்குச் சற்று மேலே வைத்து, சாதாரணக் காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜனை 1 முதல் 3 விழுக்காடு அளவுக்கு இறக்கிவிடுகிறார்கள். பழம் ஏறக்குறைய உறங்கிப்போகிறது. சில ரகங்கள் பத்து மாதம், ஓராண்டுவரைகூட இப்படித் தாக்குப்பிடிக்கும். கடைக்காரர் "நேத்துத்தான் வந்தது" என்று சொன்னால் அது பொய்யில்லை. கிடங்கிலிருந்து நேற்று வந்தது, மரத்திலிருந்து எப்போது வந்தது என்பது வேறு கேள்வி.

அதிலிருந்து கடையில் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "புதுசா?" என்று கேட்டால் உலகில் எந்தக் கடைக்காரரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "அடுத்த லோடு எப்போது வரும்?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும், நாளைக்கு வருகிறது என்றால் கண்ணெதிரே இருப்பது போன லோடின் மிச்சம். "இப்போது எந்தப் பக்கத்துச் சரக்கு ஓடுகிறது?" என்பதும் நல்ல கேள்வி. காய்கறிக்காரர்கள் இதற்கு உற்சாகமாகப் பதில் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் நாள் முழுதும் தங்களுக்குள் பேசிக்கொள்வதே அதைப் பற்றித்தான். ஆப்பிளுக்கு இன்னும் எளிய கணக்கு இருக்கிறது. வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் மே வரையிலும் அறுவடை நடக்கும். ஒட்டுவில்லையில் நாட்டின் பெயர் இருந்தால், விரல்விட்டு எண்ணி அந்தப் பழத்தின் வயதை ஊகித்துவிடலாம். வில்லையில் இருக்கும் நான்கு இலக்க எண் ரகத்தையும் அளவையும் குறிப்பது. அதற்கும் நாட்டுக்கும் தொடர்பில்லை. கிடங்கில் உறங்கிய பழம் கெட்டதும் அல்ல. ஆனால் வெளியே வந்த பிறகு சீக்கிரம் மாவுபோல் ஆகிவிடும் என்பதால் இப்போதெல்லாம் மூன்று நான்குக்கு மேல் ஒரே தடவையில் வாங்குவதில்லை.

வாழைப்பழம் காயாகவே கப்பலேறி, 13, 14 பாகை செல்சியஸ் குளிரில் பயணம் செய்து, இறங்கிய இடத்தில் எத்திலீன் வாயு நிரப்பிய அறையில் பழுக்கிறது. அதே எத்திலீனை ஆப்பிளும் தானாக வெளிவிடும். ஒரே கூடையில் இரண்டையும் வைத்து, வாழைப்பழம் இரண்டு நாளில் கறுத்துப்போகிறதே என்று பல வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தவன் நான்.

நோட்டு தொடங்கிய நான்காவது மாதத்தில், உடன் வேலை பார்க்கும் நண்பரின் தோட்டத்துக்குக் காலிஃபிளவர் அறுவடை பார்க்கப் போனேன். விடிவதற்கு வெகு முன்பே, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வேலை தொடங்கிவிட்டது. பகலில் அறுத்தால் பூவுக்குள் வெயிலின் சூடு தங்கி, பெட்டிக்குள்ளேயே புழுங்கிவிடும் என்றார்கள். அறுக்கிறவர் குனிந்து, இலைகளை விலக்கி, பூவின் மேல் விரல்களை அழுத்திப் பார்க்கிறார். இறுக்கமாக இருந்தால் ஒரே வெட்டு. வெட்டியதும் சுற்றியுள்ள இலைகளை முழுவதும் களையாமல், பூவுக்கு மேல் நான்கு விரல் நீட்டி விட்டு நறுக்குகிறார். வண்டியில் பூவோடு பூ உரசாமல் காப்பது அந்த இலைதான். பூ வெள்ளையாக இருப்பதற்குக் காரணமும் இலைதான். வெயில் பட்டால் மஞ்சள் ஏறிவிடும் என்பதால், பூ விடும் சமயத்தில் சில ரகங்களுக்கு இலைகளை மேலே சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். வீட்டில் முதல் வேலையாக நான் பிய்த்து எறிகிற பாகம், வயலில் குடையாகவும் வண்டியில் மெத்தையாகவும் வேலை செய்து களைத்துப்போய் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

வரப்போரம் ஒரு குவியல் கிடந்தது. மஞ்சள் ஏறியவை, ஒரு பக்கம் கோணலானவை. சுவையில் வித்தியாசம் உண்டா என்று கேட்டேன். தோட்டக்காரர் சிரித்துவிட்டு, "மாட்டைக் கேளுங்க, அதுக்குத்தான் தெரியும்" என்றார். அன்று அந்தக் குவியலிலிருந்து இரண்டை எடுத்துவந்து சமைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பின் கடையில் மஞ்சள் படிந்ததைத் தேடி எடுக்கிறேன், இலையின் நடுத்தண்டை நறுக்கிப் பூவோடு சேர்த்தே வதக்குகிறேன். 2022இல் உலகெங்கும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் படித்தபோது வராத குற்றவுணர்வு, குளிரில் ஒருவர் குனிந்து குனிந்து அறுத்ததைப் பார்த்த பிறகு குப்பைக்கூடையைத் திறக்கும்போது வந்தது.

பாலைப் பற்றி நான் எழுதிய வரி சிறியது. பல பண்ணைகளின் பால் ஒரே கலனில் சேர்ந்து, 72 பாகை செல்சியஸில் 15 நொடி சூடேறி, குளிர்ந்து, பொட்டலமாகிறது. பசு ஒன்பது மாதம் சுமந்து கன்று ஈன்ற பிறகுதான் பால் தரும் என்பதும், தொடர்ந்து பால் வேண்டுமென்றால் தொடர்ந்து கன்று ஈன வேண்டும் என்பதும், அந்தக் கன்றுகளில் பாதி காளைக்கன்றுகள் என்பதும் எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல. ஆனால் தேநீர் குடிக்கும்போது அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து யோசித்ததே இல்லை. யோசித்த பிறகும் பாலை நிறுத்திவிடவில்லை. ஆறிப்போன தேநீரைக் கொட்டுவதை மட்டும் நிறுத்தினேன்.

இனி, நான் சறுக்கிய இடங்கள். ஐந்தாவது மாதம் வாக்கில், அருகில் விளைந்ததை மட்டுமே வாங்குவது என்று ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. தூரத்தை மட்டும் அளந்துகொண்டு இருந்ததில், விளக்கும் வெப்பமும் கொடுத்து மூடிய கூடத்தில் வளர்த்த தக்காளியைப் பெருமையாக வாங்கி வந்தேன். பிறகுதான், 119 நாடுகளில் 38,000க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். உணவினால் உண்டாகும் பசுமைக்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 விழுக்காடுதான். நிலம், தீவனம், உரம், கால்நடை ஆகியவற்றின் பங்குதான் பெரிது. கப்பலில் நிதானமாக வரும் தானியத்தைவிட, விமானத்தில் அவசரமாக வரும் மென்பழம் பல மடங்கு சுமையானது. எங்கே விளைந்தது என்பதோடு, எப்படி விளைந்தது, எப்படி வந்தது என்று இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்கு நேராகும்.

உரம் என்ற சொல்லைக் கடந்தபோது இன்னொன்றும் தட்டுப்பட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார். கார்ல் போஷின் முயற்சியால் 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அது ஆலையாக எழுந்தது. இன்று அந்த ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு இயங்குகின்றன. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு அந்த உரத்தைச் சார்ந்திருக்கிறது. வயலின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்த எனக்கு, வயலுக்குள்ளேயே வேறு முகவரிகள் இருக்கின்றன என்பது கொஞ்சம் களைப்பாகவே இருந்தது.

இரண்டாவது சறுக்கல் சாப்பாட்டு மேசையில் நடந்தது. எதை எடுத்தாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லத் தொடங்கினேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, கொலம்பஸ் கடல் கடந்த 1492க்கு முன் நம் மொழியில் அதற்குப் பெயரே இருந்திருக்க முடியாது, மிளகைப் போல உறைத்த காய் என்பதால் மிளகாய் என்று ஒட்டவைத்தோம்; உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையில் பிறந்தது; அன்னாசி என்ற பெயர் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. இப்படியே ஒரு வாரம் ஓடியது. ஒரு நாள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் வந்து சேர்ந்து ஐந்நூறு வருஷம் ஆச்சு. நேத்து வந்த எண்ணெயைப் பத்திக் கேட்டா உனக்குச் சொல்லத் தெரியலை" என்றார். நியாயமான பேச்சு. பயிரின் பூர்வீகம் வேறு, இந்தக் கிண்ணத்தில் இருக்கும் பண்டத்தின் வரவு வேறு. முதலாவது புத்தகத்தில் கிடைக்கும், இரண்டாவதுக்கு அலைய வேண்டும்.

அலைந்ததில் ஒரு பகுதி, நிறுவனங்களுக்கு எழுதியது. ஐந்து நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டிடமிருந்து பதிலே வரவில்லை. ஒன்று, தரத்தில் சமரசம் செய்வதில்லை என்ற தொனியில் ஒரு விளம்பர வாசகத்தை அனுப்பியது. ஒன்று, பொட்டலத்தின் தொகுதி எண்ணைக் கேட்டு வாங்கி, பத்து நாளில் நெல் கொள்முதல் செய்த வட்டாரத்தையும் அரைத்த மாதத்தையும் எழுதியது. இன்னொன்று, பல நாடுகளின் தேன் கலந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. இதில் கற்றது சிறிய உத்திதான்: "உங்கள் பொருள் எங்கிருந்து வருகிறது?" என்று பொதுவாகக் கேட்டால் விளம்பரத் துறை பதில் சொல்லும், தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தொகுதியின் மூலப்பொருள் எங்கே வாங்கப்பட்டது என்று கேட்டால் கடிதம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகும். அதனால் இப்போது டப்பாவில் கொட்டிய பிறகும் உறையின் அந்தத் துண்டைக் கத்தரித்து, டப்பாவுக்குள் போட்டுவைக்கிறேன். பொருளில் குறை ஏதாவது தென்பட்டாலும் அந்தத் துண்டு உதவுகிறது.

கடைசியாக, அந்த மீன் டப்பாவைத் தவிர இன்னும் ஒரு பொருளுக்காவது மூன்று கட்டமும் நிரப்பிப் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில், கடையில் வாங்கிய கொண்டைக்கடலையிலிருந்து இருபதை ஊறவைத்துத் தொட்டிகளில் ஊன்றினேன். பதினான்கு முளைத்தன, ஒன்பது பிழைத்தன. கொண்டைக்கடலைச் செடியின் இலை மயிர்களில் காலையில் பொடிப் பொடியாக நீர் கோத்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் நல்ல புளிப்பு. செடியே சுரக்கும் அமிலம் அது. மூன்றரை மாதம் தண்ணீர் ஊற்றி, இரண்டு முறை புழு பொறுக்கி, காய்ந்த செடிகளைப் பிடுங்கித் துணியில் போட்டு அம்மாவும் நானும் உரித்தோம். ஒரு காய்க்குள் ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. சில காய்கள் வெறும் காற்று. எண்ணிப் பார்த்ததில் நூற்று நாற்பத்தொன்று இருந்தது. அம்மாவின் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. ஒருவருக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது.

நோட்டை எடுத்து, விளைந்த இடம், பக்குவப்படுத்திய இடம், கட்டிய இடம் மூன்றிலும் வீட்டு முகவரியை எழுதினேன். அம்மாவின் கண் அதற்குள் நன்றாகத் தெளிந்திருந்தது. எழுதியதை அவரே வாசித்துவிட்டு, "விதை எங்கே விளைஞ்சது?" என்று கேட்டார். கடைப் பொட்டலத்தின் உறையைத் தேடி எடுத்துத் திருப்பினேன். கட்டிய இடத்தின் முகவரி இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் "தெரியாது" என்று எழுதிவைத்திருக்கிறேன்.